புதுப்பிப்பு: மணியின் மூட்டுவாதம், மூணு மாசம் கழிச்சு

எங்க லேப்ரடார் நாய் மணிக்கு (வயசு 11) மூட்டுவாதம், காலையில எழுந்திருக்கவே திணறுறான், வீட்டு வைத்தியம் ஏதாவது இருக்கான்னு மார்கழியில கேட்டிருந்தேன்.

மஞ்சளும் மிளகும் தேங்காய் எண்ணெயில குழைச்சு ஒரு மாசம் கொடுத்தேன். பெரிசா ஒண்ணும் தெரியலை. டைல்ஸ் பூரா மஞ்சள் கறை, அம்மாகிட்ட திட்டு வேற. மீன் எண்ணெய் டாக்டர் சொன்ன அளவில தொடருது. ஆறு வாரம் கழிச்சுதான் கொஞ்சம் வித்தியாசம்.

நிஜமா கைகொடுத்தது எடைக்குறைப்பு. 38 கிலோ இருந்தவன் இப்போ 34. பிஸ்கட், மிச்ச தயிர்சாதம் எல்லாம் கட். (அப்பா திருட்டுத்தனமா இட்லி போடுறது தெரியும்.) வழுக்குற தரையில ரப்பர் பாய் விரிச்சேன். முன்னாடி தண்ணிக் கிண்ணத்துகிட்ட போனாலே பின்னங்கால் ரெண்டும் பக்கவாட்டில விரிஞ்சிடும். இப்போ நகத்தை ஊன்றி நிதானமா நிக்கிறான்.

அப்போ பதில்ல ஐபுப்ரோஃபென் (மனுஷங்க போடுற வலி மாத்திரை) கொடுக்கச் சொன்னவருக்கு: வேண்டவே வேண்டாம். நாய்க்கு வயித்துப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். பூனைக்குப் பாரசிட்டமால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் தந்த வலி மாத்திரையை நான் நிறுத்தலை, அளவை அவரேதான் குறைச்சார்.

நேத்து மாடிப்படி மூணு ஏறிட்டு, நாலாவதுல உட்கார்ந்து என்னையே பார்த்தான். தூக்கிட்டுப் போனேன்.