மறு: ஹாப்ஸ் – கொடிக்கு, பூவுக்கு, பிசினுக்குத் தனித்தனிச் சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தேட வேண்டியவை மூன்று. ஹாப்ஸ் என்றால் தோட்டக்காரருக்குக் கொடி, வியாபாரிக்குக் காய்ந்த பூ, பியர் ஆக்குகிறவருக்கு அந்தப் பூவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் பொருள். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே சொல்லில் ஓடுகின்றன. நாமும் அப்படியே செய்தால், ‘ஹாப்ஸை வெட்டு’ என்று கையேட்டில் எழுதும்போது கொடியை வெட்டுவதா, பூவைக் கொய்வதா என்று படிக்கிறவர் தடுமாறுவார்.

நான் இருப்பது தேனி மாவட்டத்துக் கூடலூர். மேலே ஏறினால் குமுளி, கீழே இறங்கினால் கம்பம். பள்ளத்தாக்கில் திராட்சை, சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலை, மலை ஏறினால் மிளகு என்று கொடியோடே பிழைக்கிற ஊர்கள் இவை. வீட்டுத் தோட்டத்தில் ஹாப்ஸ் வளர்ப்பது பற்றிய கையேட்டை முதலில் இவர்களுக்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். ஆகவே இவர்கள் காதில் ஒரு சொல் எப்படி விழும் என்பதே என் அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

> கிரந்தத்தை நீக்கி ‘ஆப்பு’ என்று எழுதினால் போதுமே.

போதாது ஐயா. மரம் பிளக்க அடிக்கும் ஆப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பேச்சு வழக்கில் அதற்கு வேறு பொருளும் ஏறிவிட்டது. ‘ஆப்புத் தோட்டம்’ என்று படிக்கிற எவர் கண்ணிலும் ஒரு பயிர் வந்து நிற்காது. கடன்சொல் வேண்டும் என்றால் ‘ஹாப்ஸ்’ என்றே எழுதுவோம், கடையில் கேட்டு வாங்கவாவது உதவும். கலைச்சொல் வரிசையில் அதை இணைச்சொல்லாக வைத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை.

> தாவரவியல்படி கஞ்சாவும் இதுவும் ஒரே குடும்பம். ‘கஞ்சாக்கொடி’ என்பது அறிவியல் பொருத்தம் உடையது.

குடும்பம் ஒன்றுதான், அதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் பெயரை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். ஹாப்ஸில் கஞ்சாவின் போதைப்பொருள் கிடையாது. இலை கூட விரல்விரலாகப் பிரியாது. மூன்று அல்லது ஐந்து மடலாக, திராட்சை இலையைப் பார்த்த கண்ணுக்குப் பழகிய வடிவில் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பாரம் சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் தெரியாமல் போகலாம். மாடித் தொட்டியில் ஒரு கொடி வைத்த வீட்டுக்கு அந்தப் பெயரே வழக்கைக் கொண்டுவரும். பயிரிடுகிறவரைக் குற்றவாளியாகக் காட்டும் பெயரை நாம் சூட்டக் கூடாது.

> ‘கசப்புக்கொடி’ – எளிமை, எல்லோருக்கும் புரியும்.

எளிமைதான், ஆனால் வேலையில் பாதியைத்தான் சொல்கிறது. பூவில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. மால்ட் சாற்றோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் சாற்றோடு, ஒரு மணி நேரம் கொதிக்கும்போது அவற்றின் மூலக்கூறு அமைப்பு மாறி, கரைந்து, பியரின் கசப்பாகிறது. அதே பூவைக் கொதி முடியும் தறுவாயில் போட்டால் கசப்பு அதிகம் இறங்காது, மணம் தங்கும். முதலிலேயே போட்டால் மணமெண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். செக் நாட்டு ஸாட்ஸ் வகையை உலகம் தேடுவது கசப்புக்காக அல்ல, மணத்துக்காக. கசப்பு என்ற ஒரே பக்கத்தைப் பெயரில் வைத்தால் மறுபக்கம் மறைந்துபோகும். தவிர, பாகல் தொடங்கி சீந்தில் வரை நம்மூரில் கசக்கிற கொடிக்குப் பஞ்சமா என்ன.

> உள்ளே பொன்னிறப் பொடி இருப்பதால் ‘பொன்தாதுக் கொடி’.

கேட்க அழகான சொல். ஆனால் தாது என்றால் மகரந்தம். இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஜாதிக்காய் வைத்தவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. பயன்படுவது பெண் கொடியின் பூ மட்டும். ஆணின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்தால் பூவில் விதை பிடித்துவிடும் என்பதால் பெரும்பாலான நாடுகளில் தோட்டத்தில் ஆணையே வைப்பதில்லை. விவசாயி விரட்டுகிற பொருளின் பெயரை அவர் விரும்புகிற பொருளுக்கு வைத்துவிடுவோம். அந்தப் பொடி செதில்களின் அடியில் சுரப்பிகளில் ஊறும் பிசின். நசுக்கினால் விரலில் ஒட்டும்.

இனி என் முன்மொழிவு.

பூவுக்கு: கூம்பு.
கொடிக்கு: கூம்புக்கொடி.
மஞ்சள் பொருளுக்கு: பொற்பிசின்.

கூம்பு என்றவுடன் பாடநூலின் பைன் மரக் கூம்பு நினைவுக்கு வரும். அதற்கும் முன்னால் கூம்புதல் என்பது நம்மிடம் குவிதல், இதழ் மூடுதல் என்ற வினை. மாலையில் தாமரை கூம்பும், கை கூம்பும். இந்தப் பூவின் அமைப்பே அதுதான்: மெல்லிய பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து குவிந்திருக்கும். முற்றியதும் அந்தச் செதில்கள் காகிதம்போல் சரசரக்கும், பிசின் வெளிர்மஞ்சளிலிருந்து அடர்மஞ்சளாகும், அழுத்திவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அறுவடைக்குப் பார்க்கும் அடையாளங்கள் எல்லாமே செதிலையும் குவிவையும் சார்ந்தவை என்பதால் ‘கூம்பு முற்றியதா என்று தொட்டுப் பார்’ என்று எழுத முடிகிறது. ‘பூ முற்றியதா’ என்று தமிழில் யாரும் கேட்பதில்லை.

ஒரு தடை எழும், அதை நானே சொல்லிவிடுகிறேன். மேற்குத்தொடர்ச்சி மலையில் நீட்டம் என்ற பேரினத்துக் கொடி ஒன்று உண்டு. அது உண்மையாகவே கூம்பு தாங்கும் கொடி, பூக்கும் தாவரமே அல்ல. தாவரவியலார் அதைச் சுட்டி ‘கூம்புக்கொடி அதுவல்லவா’ என்று கேட்கலாம். அது காட்டுக்கொடி, அதற்கு நீட்டம் என்ற பெயர் பாடநூலில் நிலைத்துவிட்டது. தோட்டப் பயிர்களின் வரிசையில் இரண்டும் மோதுவதில்லை. இந்த அளவு உரசலைத் தாங்கலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

அடுத்து, தோட்டத்தின் பெயர். பாலக்காட்டு அம்மா ‘கூம்புப் பந்தல்’ என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கம் பந்தல் என்றால் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கிடைமட்டமாகப் படரவிடும் திராட்சைப் பந்தல். அப்படிப் போட்டால் இந்தக் கொடி கெடும். இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டில் இருக்கும் சுணை கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தண்டே சுற்றிச்சுற்றி ஏறும். மேல்நோக்கி 18 அடி வரை கயிறு கேட்கும். ஏறும் விதத்தில் திராட்சையை விட வெற்றிலைக்குத்தான் இது உறவு. ஆகவே ‘கொடிக்கால்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அகத்தியில் ஏற்றினாலும் கயிற்றில் ஏற்றினாலும் நிமிர்ந்து ஏறும் கொடிக்கான தோட்டம் என்ற பொருள் அதில் இருக்கிறது. சின்னமனூர்க்காரர் ‘கூம்புக் கொடிக்கால்’ என்று கேட்டதும் என்ன நட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று பாதி தெரிந்துகொள்வார்.

சுற்றும் திசையும் முக்கியம். அவரைக்கொடி ஒரு பக்கம் சுற்றும், இது எதிர்ப்பக்கம் சுற்றும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசை. இதற்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை: ‘கயிற்றை வலம் வரச் சுற்றிவிடுங்கள்’ என்றால் கோயிலுக்குப் போகிற எவருக்கும் விளங்கும். இடமாகச் சுற்றிவிட்டால் கொடி தானே அவிழ்ந்து தொங்கும். சுணை கையை அறுக்கும் என்பதால் முழுக்கை சட்டை போடச் சொல்லி ஒரு வரியும் சேர்க்கிறேன்.

சித்தூர் அன்பர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். நம் ஊர்களில் இது பூக்குமா என்பதே அவர் ஐயம். அதற்குச் சரியான சொல் இருந்தால்தான் சரியான பதிலும் எழுத முடியும். கூம்புக்கொடி குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறையும்போது பூப்பது. ஜெர்மனியின் ஹல்லர்டாவ் பகுதியில் ஜூன் மாதத்தில் பகல் சுமார் 16 மணி நேரம். அந்த நீளப் பகலில் கொடி விறுவிறுவென ஏறி, பகல் சுருங்கத் தொடங்கியதும் பூக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீளமான பகலே 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. கொடி இடுப்பளவு வளர்வதற்குள் பூக்கும் காலம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, சில கூம்புகளைக் காட்டி நின்றுவிடும். இந்தியாவில் லாஹௌல் போன்ற இமயமலைப் பள்ளத்தாக்குகளில் இது பயிராகிறது என்றால் குளிரோடு பகல் நீளமும் காரணம். வட்டவடையிலோ மூணாறிலோ குளிர் கிடைக்கும், பகல் கிடைக்காது.

அதற்கு வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் பகுதியிலும் பகல் போதாமல், தோட்டத்தில் விளக்கு போட்டுத்தான் வளர்த்தார்கள். பிறகுதான் அந்த மண்ணுக்கேற்ற வகைகளை உருவாக்கினார்கள். அன்பரே, உங்கள் எல்லையைத் தாண்டினால் கிருஷ்ணகிரிப் பக்கம் செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பூப்பதைத் தள்ளிப்போடும் அதே வேலைதான். அந்தத் தோட்டக்காரர்கள் விளக்கு போடுவதற்கு வழங்கும் சொல்லை விசாரித்து எழுதினால் பெரிய உதவி. ‘ஒளிக்கால நீட்டிப்பு’ என்று நான் எழுதி வைத்திருப்பது எனக்கே தொண்டையில் சிக்குகிறது.

வீட்டில் பியர் ஆக்குவதற்கு ‘வீட்டு வடிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வடித்தல் நம் ஊரில் சாராயத்துக்குப் போய்விட்ட சொல், பியரில் வடித்தலே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்’ என்று வருகிறது: வீட்டில் சமைத்த கள். அரிசிக் களியைத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவிட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளையவைக்கும் முறையை அதே நூல் விளக்குகிறது. தானியத்தை வேகவைத்து, ஆற்றி, நொதிக்கவிடுவது என்ற வகையில் அது பியருக்கு நெருங்கிய செயல். ‘இல்லடு பியர்’ என்று துணிந்து எழுதலாம் என்கிறேன்.

கொதிக்கும் மால்ட் சாற்றுக்கு ‘ஊறல்’ வேண்டாம். மலையோரத்து ஊர்களில் அது காவல்துறை கொட்டி அழிக்கும் பொருளின் பெயர். ‘மால்ட் சாறு’ போதும்.

அரிட்டம் என்ற நொதித்த ஆயுர்வேத மருந்தில் போடும் தாதகிப் பூவோடு கூம்பை ஒப்பிட்டு ‘நொதிப்பூ’ என்ற பரிந்துரையும் வந்தது. அது நொதிக்கவைக்கப் போடும் பூ. இதன் வேலை கிட்டத்தட்ட எதிர். புளிப்பேற்றும் பாக்டீரியாக்களை இது அடக்கும், ஈஸ்ட்டைத் தடுக்காது. பியர் கெடாமல் நெடுநாள் நிற்க உதவியதால்தான் ஐரோப்பாவில் மற்ற மூலிகைக் கலவைகளை இது ஓரங்கட்டியது. 1516இல் பவேரியாவின் சட்டம் பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் மூன்றைத் தவிர வேறொன்றும் கூடாது என்றது. எனவே நொதிப்பூ பொருந்தாது.

கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு கட்டாயம் வரும்: கொடி வளர்க்கலாம், ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் ஆக்க தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சட்டம் இடம் தராது. வெளிநாட்டிலிருந்து கிழங்கு வரவழைக்கத் தாவர நோய்த்தடுப்பு அனுமதியும் வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் கூம்பும் சக்கையும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது, உயிருக்கே ஆபத்து. இதையும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

முடிவாகாமல் நிற்பது ஒன்று. நொதித்து ஆறிய பியரில் காய்ந்த கூம்பைப் போட்டு மணம் ஏற்றுவதற்கு ‘உலர்கூம்பிடல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கொதியில் போடுவதும் பெரும்பாலும் காய்ந்த கூம்புதான் என்பதால் ‘உலர்’ அங்கே வேறுபாட்டைக் காட்டவில்லை. ‘குளிர்கூம்பிடல்’, ‘பின்கூம்பிடல்’ இரண்டில் இரண்டாவதே எனக்குப் பிடிக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அறுவடை அத்தியாயத்தை அனுப்புகிறேன்.