வாட்டர் டெஸ்டிங் லேப் டெக்னீஷியன் வேலைக்கு போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கேன், குடிநீர் கழிவுநீர் ரெண்டும் டெஸ்ட் பண்ற லேப்ல கூப்பிட்டிருக்காங்க, தினமும் என்ன வேலைங்க இருக்கும்?

பதில்: தாராளமா போங்க தம்பி. குடிநீர்ல பிஎச் (அமில-காரத் தன்மை), கலங்கல், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்புங்களோட அளவு)னு டெஸ்ட் ஓடும். குளோரினை மட்டும் குழாயடியிலயே பாத்துடணும், லேபுக்கு வர்றதுக்குள்ள குறைஞ்சிடும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்.

பதில்: கழிவுநீருக்கு பொறுமை வேணும். பிஓடிக்கு (கழிவை சிதைக்க கிருமிங்க எடுத்துக்கிற ஆக்சிஜன் அளவு) 27 டிகிரில 3 நாள் இன்குபேட்டர்ல வைப்போம், பாட்டில்ல சின்ன காத்துக்குமிழி நின்னாலும் ரீடிங் தப்பாயிடும், அதனால வழிய வழிய நிரப்பி மூடுங்க. கிளவுஸ் இல்லாம தொடவே தொடாதீங்க.

பதில்: பாக்டீரியா சாம்பிள் பாட்டில்ல குளோரினை முறிக்கிற தயோசல்பேட் இருக்கும், அத கழுவிடாதீங்க!! அது இல்லேன்னா மிச்ச குளோரின் வர்ற வழியிலயே கிருமிய கொன்னுடும், கெட்ட தண்ணிக்கும் நல்ல ரிசல்ட் வந்துடும், அத குடிக்கிறது குழந்தைங்க.