கன்னம் வற்றுது, தாடை தொங்குது, ஏன்?

யீஷுன்வாசி: வயது 54. எடை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் புதுப்பிக்க எடுத்த படத்தில் கண்ணுக்குக் கீழே குழி, தாடையோரம் தொங்கல். தேக்கா சந்தைக் காய்கறிக்காரர் வேறு "உடம்பு சரியில்லையாக்கா?" என்கிறார். கன்னத்துக் கொழுப்பு கீழே இறங்கிவிட்டதா?

பழைய நர்ஸ்: இறங்கியது மட்டுமில்லைக்கா, வற்றவும் செய்கிறது. முகக் கொழுப்பு ஒரே படலம் அல்ல, தனித்தனி அறைகள். 2007-இல் ரோரிச், பெஸ்ஸா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இறந்தவர்களின் முகத்தில் சாயம் செலுத்திக் காட்டினார்கள். கன்னத்தின் ஆழத்து அறைகள் வயதோடு சுருங்கும். தாங்கல் போனதும் மேலுள்ளது சரியும். மேல்தாடை, கண்குழி எலும்பும் தேயும்.

யீஷுன்வாசி: அப்போ மசாஜ்? பேக்கேஜ் எடுக்கச் சொல்லி ஒரு அழகு நிலையத்தில் விடமாட்டேன் என்கிறார்கள்!

பழைய நர்ஸ்: போன கொழுப்பு மசாஜில் திரும்பாது. காசை வைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டம் என்றாலும் சன்ஸ்கிரீன் போடுங்கள். நம் சிங்கப்பூர் வெயில், தோலைத் தாங்கும் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கும்.

செங்காங் தம்பி: வேகமாக எடை குறைத்தாலும் முகம் ஒட்டிப்போகும். என் அண்ணனைப் பார்த்து அம்மா அழுதே விட்டார்.

பழைய நர்ஸ்: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தொங்கினால் அது வயது இல்லை. உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.