செல் ஷீட்: பெயின்ட் உரிகிறது, முன்பக்கம் பட்டை தெரிகிறது, அடுக்கினால் ஒட்டிக்கொள்கிறது

கோட்டோவியம்

வணக்கம் நண்பர்களே. கையால் பெயின்ட் செய்த செல் (அனிமேஷன் படத்தை வரைந்து பெயின்ட் அடிக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட்) வைத்து 3 விநாடி ஷாட் ஒன்று எடுக்க வேண்டும். ஒரே பாத்திரம், தலையைத் திருப்பிக் கண் சிமிட்டும், அவ்வளவுதான். பென்சில் டெஸ்ட் (பென்சில் படங்களை மட்டும் ஓட்டிப் பார்ப்பது) சரியாக ஓடுகிறது. விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம் என்ற கணக்கில் 36 படம்.

இப்போது கையில் இருப்பவை: இங்க்ஜெட் பிரிண்டருக்கான ஓஹெச்பி ஷீட் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்), பர்மனென்ட் மார்க்கர், சாதாரண கிராஃப்ட் அக்ரிலிக். ஷீட்டின் சொரசொரப்பான பக்கத்தில் கோடு போட்டு, அதன் மேலேயே பெயின்ட் அடித்து, வழவழப்பான பக்கம் வழியாகப் பார்க்கிறேன். கோடு வெளியே உரசி அழியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பிரச்சினைகள்:

ஷீட்டை லேசாக வளைத்தாலே ஓரங்களில் பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்புகிறது. பின்னால் மூன்று கோட் அடித்தும் முன்பக்கம் பிரஷ் போன வழி பட்டை பட்டையாகத் தெரிகிறது. கறுப்புக் கோடு ஒட்டியிருக்கும் வெளிர் நிறத்தில் ஊதாவாகக் கசிகிறது. காய்ந்தது என்று நினைத்து அடுக்கினால், மறுநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழிகிறது.

செல்லுக்கென்றே விற்கும் பெயின்ட் இல்லாமல் இது நடக்காதா? ஷீட்டில் அசிடேட் பிளாஸ்டிக் வாங்குவதா, பாலியஸ்டரா?

பெக்பார்

நீங்க சொன்ன நாலுல மூணு, ஷீட்டாலயும் மார்க்கராலயும் வர்றது. பெயின்ட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஷீட்டை மாத்துங்க.

இங்க்ஜெட் ஷீட்டோட சொரசொரப்புப் பக்கம் தண்ணியை உறிஞ்சுறதுக்காகவே பூசினது. அக்ரிலிக் பட்டதும் அந்தப் பூச்சு ஊறி உப்பும். பெயின்ட் காயும்போது சுருங்குமில்ல, அப்போ பூச்சையும் சேர்த்துப் பிடுங்கிக்கிட்டு வரும். உரிஞ்ச செதிலோட அடிப்பக்கத்தைப் பாருங்க, பால் மாதிரி மெல்லிசா ஒரு படலம் ஒட்டியிருந்தா இதேதான் காரணம். பட்டைக்கும் இதுதான். பெயின்ட் சமமா பரவுறதுக்குள்ள பூச்சு தண்ணியை இழுத்துடுது, பிரஷ் தடம் அப்படியே நின்னுடுது.

ஊதாக் கசிவு மார்க்கர் வேலை. பெரும்பாலான பர்மனென்ட் மார்க்கர் சாயத்துல செய்யறது, பிக்மென்ட்ல (கரையாத நிறப்பொடி) இல்ல. ஈரமான அக்ரிலிக்ல அந்தச் சாயம் கரைஞ்சு மேல ஏறும். கறுப்புங்கிறது பல சாயத்தோட கலவை, அதுல சீக்கிரம் ஓடுறது ஊதா. கோடு முன்பக்கம், பெயின்ட் பின்பக்கம். இந்த ஒழுங்கை மாத்தவே மாத்தாதீங்க. பெயின்ட்ல தப்பு வந்தா கோட்டைத் தொடாம சுரண்டித் திரும்ப அடிக்கலாம், அதுவே பெரிய லாபம்.

கோட்டுக்கு ரெண்டு வழி. கையால போடணும்னா ஃபிலிமுக்கான பிக்மென்ட் இங்க்கும் மெல்லிசான முள் நிப்பும். சாதா இந்தியன் இங்க் வழவழப்பு மேல முத்து முத்தா திரளும். 10 மி.லி. இங்க்குக்கு பாத்திரம் கழுவுற திரவத்தை ஊசி முனையில தொட்டுக் கலந்தா அடங்கும். அதுக்கு மேல போனா கோடு பரவ ஆரம்பிக்கும்.

இன்னொரு வழி லேசர் பிரிண்ட். சுத்தப்படுத்தின பென்சில் கோட்டை ஸ்கேன் பண்ணி, லேசருக்குன்னு அட்டையில எழுதியிருக்கிற ஷீட்ல மட்டும் எடுங்க. இங்க்ஜெட் ஷீட்டோ வெறும் அசிடேட்டோ உள்ளே போனா பிரிண்டரோட சூட்டுல உருகி உருளையில சுத்திக்கும், அதோட பிரிண்டரே போச்சு. ஒரு விஷயம்: பிரிண்டர் ஒவ்வொரு ஷீட்டையும் கொஞ்சம் முன்னே பின்னே இழுக்கும். அதனால பெக் ஓட்டையை (எல்லா ஷீட்டும் ஒரே இடத்துல உட்கார, பெக் குச்சியில மாட்டுற ஓட்டை) முதல்லயே போட்டா படம் நடுங்கும். நாலு மூலையிலயும் சிலுவைக் குறி சேர்த்துப் பிரிண்ட் எடுத்து, லைட் பாக்ஸ்ல (அடியில விளக்கு எரியுற பலகை) ஒரு மாஸ்டர் ஷீட்டோட குறிக்கு நேர் வச்சு, ஏற்கெனவே ஓட்டை போட்ட பட்டையை டேப்பால ஒட்டுங்க.

பெக் குச்சி நட்ட சட்டம்தான் பெக் பார். அதுல அக்மேங்கிற வகை நடுவுல 1/4 அங்குல உருண்டை, ரெண்டு பக்கமும் 4 அங்குலம் தள்ளி தட்டையான பெக். அது இல்லாட்டி ஆபீஸ் பஞ்ச் போதும். 6 மி.மீ. ஓட்டை, மையத்துக்கு மையம் 80 மி.மீ. அதே அளவுல ரெண்டு குச்சியைப் பலகையில நட்டுக்கங்க. 36 படத்துக்கு இது தாராளம்.

ஷீட்: 0.1 மி.மீ.க்கு மேல 0.125 வரைக்கும். அதைவிட மெல்லிசு பெயின்ட் காயும்போதே சுருளும். நான் சொல்றது பாலியஸ்டர்தான். தண்ணி குடிக்காது, பல வருஷம் நெளியாது. ரெண்டு பக்கமும் ஈரப் பெயின்ட்டுக்காகப் பூசின வெட் மீடியா வகை இருக்கு, அது இங்க்ஜெட் பூச்சு மாதிரி உப்பாது. ஆனா ஈரக் கை பட்டா தடம் நிக்கும், பருத்தி கையுறை போட்டுக்கங்க.

பின்பக்கம்

ஷீட் பற்றி மேலே பெக்பார் சொல்லிவிட்டார். பட்டைக்கு இன்னொரு பாதிக் காரணம் பெயின்ட் அடிக்கும் விதம்.

செல்லில் கண்ணுக்குத் தெரிவது முதல் தடவை அடித்த பெயின்ட் மட்டும்தான். பின்னால் எத்தனை கோட் அடித்தாலும் அது வெளிச்சத்தை மறைக்குமே தவிர முதல் தடவை அடித்ததன் தடத்தைத் திருத்தாது. காகிதத்தில் பழகிய கை மெல்லிதாக ஆரம்பித்துப் போகப்போக மெருகேற்றும். இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முதல் தடவை அடிப்பதே கனமாக, ஒரே ஈரத்தில் முடிய வேண்டும்.

2 அல்லது 3-ஆம் எண் உருண்டை சிந்தெடிக் பிரஷ் போதும். நிறைய எடுத்து, நிரப்ப வேண்டிய பகுதியின் நடுவில் குளமாக விடுங்கள். பிறகு பிரஷ் நுனியால் அந்தக் குளத்தின் ஓரத்தைக் கோட்டை நோக்கித் தள்ளுங்கள். முடி பெயின்ட்டைத்தான் தொட வேண்டும், ஷீட்டை அல்ல. ஷீட்டைத் தொட்டால் அங்கே ஒரு கீறல் விழும், முன்பக்கம் அதுதான் பட்டை. கோட்டின் பாதி அகலம் வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டுமே அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். 0.3 மி.மீ.க்குக் குறைவான கோடு என்றால் இந்த ஒளிவிடம் போதாது, ஆரம்பத்தில் 0.5 வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரிரு நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும். அதற்குப் பிறகு விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் கை வைக்கக் கூடாது. தோல் பிரஷ்ஷோடு இழுபட்டு நடுவில் ஓட்டை விழும். முழுக்கக் காய்ந்த பின் லைட் பாக்ஸில் வைத்து, ஊசி ஓட்டைகளை மட்டும் தொட்டு அடைத்துவிடுங்கள். வெளியே வழிந்ததைக் கூர் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டலாம். பிளேடு வேண்டாம், அந்தக் கீறல் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளிக் கம்பியாய் மின்னும். அசிட்டோனால் துடைக்கவே கூடாது, அசிடேட் என்றால் ஷீட்டே கரையும்.

பெயின்ட்டின் பதம் பார்க்க ஒரு சொட்டை ஷீட்டில் விட்டு 45 டிகிரி சாய்த்துப் பாருங்கள். மெதுவாகத் தொங்கி இறங்க வேண்டும். ஓடினால் தண்ணீர் அதிகம், அசையாமல் நின்றால் தடம் சமமாகாது.

செல்லுக்கென்றே விற்கும் பெயின்ட்டான செல்-வினைல் என்பது வினைல்-அக்ரிலிக் பிசின்; வளையும், ஒட்டும், நன்றாக மறைக்கும். கார்ட்டூன் கலர் நிறுவனத்தின் தயாரிப்பு. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வேலை நின்றுவிடாது. மலிவு கிராஃப்ட் அக்ரிலிக்கில் நிரப்புப் பொடி அதிகம், பிசின் குறைவு. காய்ந்ததும் மொடமொடத்து விரிசல் விடும். நான்கு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பிசின்) கலந்தால் வளைவு தாங்கும். அதற்கு மேல் கலந்தால் நிறம் கண்ணாடி போலாகும், காய்ந்தாலும் பிசுபிசுக்கும். தாலோ நீலம், குவினாக்ரிடோன் சிவப்பு போன்றவை இயல்பிலேயே ஒளி ஊடுருவுபவை. டைட்டானியம் வெள்ளை கொஞ்சம் சேர்த்து, பின்னால் ஒரு வெளிர்சாம்பல் கோட் கொடுங்கள்.

36 படத்துக்கும் தேவையான நிறத்தை ஒரே தடவையில் கலந்து வையுங்கள். இரண்டாம் முறை அதே நிறம் வராது. கணக்கு எளிது: ஒரு செல்லில் தோல் நிறப் பரப்பு 100 ச.செ.மீ., ஈரத் தடிமன் 0.2 மி.மீ. என்றால் 2 மி.லி. அதை 36-ஆல் பெருக்கினால் 72. சிந்தல் சேர்த்து 90 மி.லி. கலந்து இறுக்கமான மூடியுள்ள புட்டியில் போடுங்கள். அக்ரிலிக் காயும்போது ஒரு படி கருக்கும், ஆகவே காய்ந்த மாதிரியை ஷீட்டின் முன்பக்கம் வழியாகப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், அக்ரிலிக் கடைசி வரை கொஞ்சம் மென்மையாகவே இருக்கும் பொருள். வெப்பமும் பாரமும் சேர்ந்தால் எதன் மீதும் ஒட்டும். 24 மணி நேரம் கிடையாக, தனித்தனியாகக் காயட்டும். பிறகு சிலிக்கோன் பூசிய, கேக் சுடப் பயன்படும் பேக்கிங் பேப்பர் இடையில் வைத்து அடுக்குங்கள். மெழுகுத்தாள் வேண்டாம், வெயில் நாளில் மெழுகு இறங்கும்.

கோட்டோவியம்

மிக்க நன்றி. உரிந்த செதிலின் அடியில் பால் படலம் இருக்கிறது, பெக்பார் சொன்னது சரி. இரண்டு சந்தேகம். கண்ணில் வெள்ளைப் புள்ளி, கருமணி, விழி வளையம் என்று வரும்போது எதை முதலில் அடிப்பது? உடல் ஒரு செல், தலை ஒரு செல், சிமிட்டும் கண் ஒரு செல் என்று பிரித்தால் தோல் நிறம் ஒன்றாகத் தெரியுமா?

அடுக்கு4

கண்: முன்னால் தெரிய வேண்டியது முதலில். வெள்ளைப் புள்ளி, அது காய்ந்ததும் கருமணி, பிறகு விழி வளையம், கடைசியில் வெண்விழி. புள்ளி காய்வதற்குள் கருமணியை அடித்தால் வெள்ளை கலங்கிச் சாம்பலாகும். பின்பக்கம் இடம் வலம் மாறியிருக்கும் என்பதால் நிற எண் குறித்த மாதிரிப் படத்தையும் கண்ணாடிப் பிம்பமாகப் பிரிண்ட் எடுத்து மேசையில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஷர்ட்டின் பை, தலை வகிடு எல்லாம் பக்கம் மாறிவிடும்.

தோல் நிறம்: ஒன்றாகத் தெரியாது. ஒவ்வொரு ஷீட்டும் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும், கீழே இருக்கும் செல் மங்கும். ஸ்டூடியோக்கள் இதற்காக மேலடுக்குக்கு ஒரு படி மங்கிய தனி நிறம் கலந்து வைத்திருந்தன. உங்கள் ஷாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. உடலையும் தலையையும் கழுத்துப்பட்டையில் பிரியுங்கள். தோலும் தோலும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் கண் கண்டுபிடிக்காது. இமை மட்டும் முகத்தின் மேல் உட்காரும், அதற்கு ஒரு சொட்டுச் சாம்பல் சேர்த்த தோல் நிறம்.

அடுக்கு எண்ணிக்கை ஷாட் முழுக்க மாறக் கூடாது. இமை இல்லாத ஃபிரேமில் வெறும் ஷீட் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். மறந்தால் கண் சிமிட்டும்போதெல்லாம் பின்னணியும் சேர்ந்து சிமிட்டும். நான்கு அடுக்குக்கு மேல் போக வேண்டாம்.

படம் எடுக்கும்போது: இரண்டு விளக்கு, இரு பக்கமும் 45 டிகிரி. கேமராவும் கையும் ஷீட்டில் பிரதிபலிக்காமல் இருக்க, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்பு அட்டை கேமராவுக்கு முன்னால். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் 1/4 விநாடியோ அதற்கு மேலோ. எல்இடி துடிப்பு அதில் சமமாகிவிடும். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் கைமுறையில் பூட்டிவிடுங்கள். மேலே கண்ணாடி வைத்து அழுத்தாவிட்டால் அடுக்குகளுக்கு இடையில் நிழல் விழும். கண்ணாடியும் ஷீட்டும் ஒட்டும் இடத்தில் வானவில் வளையம் வந்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒவ்வொரு படத்தையும் ஒரு தடவை எடுத்தால் போதும், இரண்டு ஃபிரேமாக்குவதை எடிட்டிங்கில் செய்துகொள்ளலாம்.

பெக்பார் பாலியஸ்டர் என்றார். எனக்கு அசிடேட்தான். பிரதிபலிப்பைக் கொல்ல விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் போட்டால், இழுத்துச் செய்த பாலியஸ்டரில் நிறத்திட்டுகள் எழும்பும். அசிடேட்டில் அந்தத் தொல்லை குறைவு. வெறும் வழவழப்பில் பெயின்ட்டும் நன்றாகவே பிடிக்கும்.

பெக்பார்

போலரைசர் விஷயம் உண்மை. ஆனா கறுப்பு அட்டையும் 45 டிகிரியும் சரியா வச்சா போலரைசரே வேண்டாம், அதனால நான் மாறலை. அசிடேட் வாங்கினா ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க: நாளாக நாளாக அதுலேருந்து வினிகர் வாடை வரும். அது அசிட்டிக் அமிலம். வெளியே வந்த அமிலமே மிச்ச ஷீட்டையும் வேகமா கெடுக்கும். காத்துப் போகாத பிளாஸ்டிக் உறைக்குள்ள மூடி வைக்காதீங்க, பிவிசி உறை சுத்தமா கூடாது. அமிலமில்லாத தாள் இடையில போட்டு, குளிர்ச்சியான இடத்துல, ஈரப்பதம் 40-50 சதவீதத்துல. அதுக்குக் கீழே ரொம்ப வறண்டாலும் பெயின்ட் கிளம்பும். வாடை வந்த ஷீட்டை மத்ததோட சேர்க்காதீங்க.

யாராவது பழைய ஸ்டூடியோ ஸ்டாக்னு ஷீட் கொடுத்தா இன்னும் கவனம். 1940கள் வரைக்கும் வந்த செல்கள்ல பலது நைட்ரேட் பிளாஸ்டிக், சுலபமா தீப்பிடிக்கும். லைட் பாக்ஸ் பக்கமே கொண்டுவராதீங்க.

36-ஐயும் ஒரே மூச்சுல ஆரம்பிக்க வேணாம். முதல்ல 1, 18, 36 மூணையும் முழுசா முடிச்சு, அடுக்கி, கேமராவுல பாருங்க. கோட்டுத் தடிமன், நிறம், பெக் எல்லாத்தோட குறையும் அதுலயே தெரிஞ்சிடும்.