25 மி.மீ. ஷாஃப்ட், கன்மெட்டல் புஷ்: எவ்வளவு இடைவெளி விடலாம்?

ராணிப்பேட்டை லேத்:
சிப்காட் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தோல் தொழிற்சாலை ஒன்றின் கன்வேயர் ரோலருக்கு ஷாஃப்டும், அதைத் தாங்கும் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷும் செய்யச் சொன்னார்கள். டிராயிங்கில் வெறும் "25" மட்டும்தான். புஷ் உள்விட்டத்தை 25.00-க்கு ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்டேன், ஷாஃப்ட் 24.98. மேசையில் போட்டுப் பார்த்தபோது வழுக்கிக்கொண்டு போனது. ஹவுசிங்கில் (புஷ் உட்காரும் கூட்டில்) புஷ்ஷை பிரஸ் பண்ணிய பிறகு ஷாஃப்ட் நுழையவே இல்லை. புஷ் உள்விட்டத்தை அளந்தால் 24.96. எமரி போட்டுத் தேய்த்து இறக்கிவிடலாமா?

காட்பாடி ஃபிட்டர்:
தம்பி, எமரியைக் கீழே வை. புஷ் வெளிவிட்டம் ஹவுசிங் துளையைவிட எவ்வளவு பெரிசு? ஐம்பது மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்குமா? அந்த இறுக்கத்தில் பெரும்பகுதி உள்ளே இறங்கி உள்விட்டத்தைச் சுருக்கியிருக்கும். அதனால் முதலில் பிரஸ், அப்புறம்தான் ரீமர். நானும் இந்தப் பாடத்தை ஒரு டஜன் புஷ்ஷைக் கெடுத்துத்தான் கற்றேன்.

அளவுக்கு எச்8/எஃப்7 எடுத்துக்கொள்; முதல் குறி துளைக்கும் இரண்டாவது ஷாஃப்டுக்கும் எவ்வளவு கூடக் குறைய விடலாம் என்பதற்கான குறியீடு. 25-க்கு துளை 25.000 முதல் 25.033 வரை, ஷாஃப்ட் 24.959 முதல் 24.980 வரை. குறைந்தது 20, அதிகம் 74 மைக்ரான் இடைவெளி. கிரீஸ் போட்டு மெதுவாகச் சுற்றும் ரோலருக்கு இது போதும். எச்7/ஜி6 என்று யாராவது சொல்வார்கள். அதில் இடைவெளி 7 மைக்ரான் வரை இறங்கும். சுண்ணாம்பும் தோல் தூளும் பறக்கிற இடத்தில் அது எத்தனை நாள் சுற்றும்? மேலும் ஜி6-க்கு ஷாஃப்டில் உனக்கு 13 மைக்ரான்தான் கிடைக்கும். கிரைண்டர் இல்லாமல் லேத்திலேயே பிடிப்பது கஷ்டம்.

வாலாஜா மெக்கானிக்:
அண்ணா, இடையில் ஒரு சந்தேகம். 6205 பேரிங் (25 மி.மீ. துளையுள்ள பால் பேரிங்) ஷாஃப்டில் லூஸாகி சுற்றுகிறது. ஷாஃப்டில் சென்டர் பஞ்சால் (கூர்முனை உளியால்) புள்ளி குத்தி இறுக்கிவிட்டேன். சரியா?

காட்பாடி ஃபிட்டர்:
ஒரு வாரம் நிற்கும். புள்ளி நுனிகள் மட்டும் தாங்கும், அவை மழுங்கியதும் மறுபடி சுற்றும். ஷாஃப்ட் சுற்றி, பாரம் ஒரே பக்கம் இருந்தால் உள்வளையம்தான் இறுக்கமாக இருக்க வேண்டும்: ஷாஃப்ட் கே6, அதாவது 25.002 முதல் 25.015. பேரிங் துளை 25.000-க்கு மேல் போகாது, 10 மைக்ரான் வரை குறையலாம். அதனால் 2 முதல் 25 மைக்ரான் இறுக்கம். வெளிவளையத்துக்கு ஹவுசிங் எச்7 போதும். இரண்டையும் இறுக்கினால் உள்ளே குண்டுக்கு இடமிருக்காது.

ராணிப்பேட்டை தம்பிக்கு இன்னொன்று. லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு ஷாஃப்டை அளக்காதே. 30 டிகிரி கூடுதல் சூட்டில் 25 மி.மீ. எஃகு எட்டு, ஒன்பது மைக்ரான் பருத்திருக்கும். நம் ஊர் வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. மைக்ரோமீட்டரும் ஷாஃப்டும் ஒரே நிழலில் அரைமணி கிடந்தால் போதும்.

ராணிப்பேட்டை லேத்:
ஹவுசிங்கிலேயே வைத்து ரீமர் போட்டேன் அண்ணா. துளை 25.02 வந்தது. ஷாஃப்டை 24.97-க்கு இறக்கினேன். கையால் சுற்றினால் நிற்காமல் ஓடுகிறது. டிராயிங்கில் எச்8/எஃப்7 என்று நானே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன், முதலாளி அது என்ன என்று கேட்டார்.