சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடியாகவா, பிராங்பர்ட் வழியாகவா?

தெம்பனிஸ்காரன்:
டிசம்பரில் அம்மாவை நியூயார்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. சாங்கியிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் 18 மணி நேரத்துக்கு மேல். பிராங்பர்ட்டில் நின்று போனால் எல்லாம் சேர்த்து 23, 24 மணி நேரம். எது நல்லது?

ஈசூன் அக்கா:
நேரடிதான் தம்பி. வயதானவர்களுக்குப் பறப்பதைவிட இறங்கி ஏறுவதுதான் பாடு. பிராங்பர்ட்டில் அதே விமானத்தில் தொடர்ந்தாலும் கைப்பையோடு இறங்கி, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். அதுவும் விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில்.

ஜூரோங்வாசி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தாலே காலில் ரத்தம் உறைந்து கட்டும் அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. இது 18 மணி நேரம்! அப்புறம் காசு. நேரடியில் பறக்கும் ஏ350 விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள்: 67 பிஸ்னஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. தூரமும் பெரிதாகக் கூடவில்லை. நேராக அளந்தால் சுமார் 15,300 கிலோமீட்டர், பிராங்பர்ட் வழியாக 16,400 சொச்சம்.

உட்லண்ட்ஸ் தம்பி:
அண்ணே, அந்த 15,300 பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்த கணக்கு. அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானி அன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை எடுப்பார். நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலே போவார்கள். கிலோமீட்டர் கூடும், ஆனால் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அட்லாண்டிக் வழியாக வருவதும் உண்டு. அதாவது போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு! ஆனால் பிராங்பர்ட் வழியாக நியூயார்க் போனால் அதே காற்று எதிரே வரும். கிலோமீட்டரை விடுங்கள், மணி நேரத்தைப் பாருங்கள்.

ஜூரோங்வாசி:
காற்று சரி, எரிபொருள்? 2004இல் நான்கு எஞ்சின் ஏ340 விமானத்தில் நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் நகருக்கு நேரடிச் சேவை தொடங்கி, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தினார்கள். இரட்டை எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் 2018இல் மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசி மணி நேரத்துக்கான எண்ணெயையும் முதல் நிமிடத்திலிருந்தே சுமக்க வேண்டும். அந்தப் பாரம் டிக்கெட்டில் விடியாமல் இருக்குமா?

ஈசூன் அக்கா:
காசு கூடத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ரத்தக்கட்டைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். பிராங்பர்ட்டுக்கே 13 மணி நேரம், 4 எப்போதோ தாண்டிவிட்டது. எதில் போனாலும் நடைபாதை ஓர இருக்கை எடுத்து, அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். அழுத்தக் காலுறை போடலாமா என்று பாலிகிளினிக்கில் கேட்டுவிடுங்கள் தம்பி. சக்கர நாற்காலிக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

ஜூரோங்வாசி:
அப்படியானால் பிராங்பர்ட்டில் ஓர் இரவு தங்கி, கால் நீட்டிப் படுத்துவிட்டுப் போகட்டுமே. விலையும் குறையும், உடம்பும் தாங்கும்.

தெம்பனிஸ்காரன்:
அம்மாவிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் அண்ணே. வெளியே தங்க ஷெங்கன் விசா வேண்டும், அதற்கு அலைய அவருக்குத் தெம்பில்லை. போகும்போது நேரடியில் பிரீமியம் எகானமி எடுக்கிறேன். மார்ச்சில் அக்காவும் கூட வருகிறார், திரும்பும் பயணத்தை அப்போது பார்க்கலாம்.

ஜூரோங்வாசி:
திரும்பும்போதாவது பிராங்பர்ட் வழியை யோசியுங்கள். அப்போது உட்லண்ட்ஸ் தம்பி சொன்ன காற்றும் சாதகம்தான்.