100 வாட் பல்பின் தடை 529 ஓமா, 39 ஓமா?

கம்பியாளர்:
கம்பியாளர் உதவியாளர் தேர்வுக்குப் படிக்கும் என் தம்பி, 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பின் மின்தடையைக் கணக்கிட்டான். திறனை மின்னழுத்தத்தால் வகுத்து மின்னோட்டம் 0.435 ஆம்பியர் என்றும், மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்துத் தடை 529 ஓம் என்றும் எழுதினான். வீட்டில் கிடந்த அதே அளவுப் பல்பின் அடியிலுள்ள இரண்டு ஈயப் பொட்டுகளில் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தேன். 39 ஓம் காட்டியது. பேட்டரியை மாற்றிப் பார்த்தும் அதே 39தான். இருபது ஆண்டுகளாக மீட்டரை நம்பி வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் சூத்திரம் மதிப்பெண்ணுக்கு மட்டுமே உதவும்.

கரும்பலகை:
ஐயா, உங்கள் மீட்டரும் சரி, தம்பியின் விடையும் சரி. நீங்கள் இருவரும் அளந்தது ஒரே பொருளின் இரண்டு நிலைகளை. மீட்டர் தன் சிறிய பேட்டரியைக் கொண்டு அளந்தது அறை வெப்பத்தில் இருக்கும் டங்ஸ்டன் இழையை. எரியும்போது அதே இழை ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதால், அதன் தடை பதின்மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. எரியும்போதும் 39 ஓம்தான் என்று வைத்துக்கொண்டால், 230ஐ 39ஆல் வகுக்க 5.9 ஆம்பியர் வரும். திறன் 1350 வாட்டைத் தாண்டும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை அந்தக் கண்ணாடிக் குமிழ் தாங்குமா? சுவிட்சைப் போட்ட கணத்தில் மட்டும் அந்தப் பெரிய மின்னோட்டம் பாய்வது உண்மை. பழைய பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் பியூஸ் போகின்றன. மற்றபடி ஓம் விதியின்படி 529 என்பதே விடை.

நிக்ரோம்:
ஆசிரியரின் விளக்கத்தை ஏற்கிறேன். "ஓம் விதியின்படி" என்ற சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைப்பது தடையின் வரையறை. அது எந்தப் பொருளுக்கும் எந்தக் கணத்திலும் பொருந்தும். ஓம் விதி சொல்வது வேறு: வெப்பநிலை மாறாதிருந்தால் அந்த விகிதமும் மாறாது என்பதே அது. இவ்விதியைக் கண்ட இயற்பியலாளர் ஓம் 1826இல் தம் சோதனைகளுக்காக, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையின் (இரு உலோகங்களின் சந்திகளுக்கு இடையிலான வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்தது, மின்னழுத்தம் நிலையாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். நிபந்தனையை விட்டுவிட்டு விதியை மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் மாணவர்கள் 529ஐ எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறார்கள். அதே பல்புக்கு 115 வோல்ட் கொடுத்தால் கணக்கில் 25 வாட் வரும். உண்மையில் அது 33 வாட்டை ஒட்டி எடுக்கும், ஏனெனில் இழை அவ்வளவு சூடாவதில்லை, தடையும் குறைந்துவிடுகிறது.

கரும்பலகை:
பத்தாம் வகுப்பு மாணவனிடம் வரையறை வேறு, விதி வேறு என்று தொடங்கினால் அவன் இரண்டையும் விட்டுவிடுவான் என்பது என் அனுபவம். முதலில் கணக்குப் போடட்டும், நிபந்தனை பிறகு வரட்டும்.

நிக்ரோம்:
இந்த வரிசையைத்தான் மறுக்கிறேன். சூத்திரம் அப்படியே பொருந்தும் பொருளிலிருந்து தொடங்கலாமே! வாளியில் போடும் 1000 வாட் வாட்டர் ஹீட்டரின் நிக்ரோம் கம்பி, சூடானாலும் தடையில் சில விழுக்காடு மட்டுமே மாறும். கணக்கின்படி 52.9 ஓம், மீட்டரும் அதை ஒட்டியே காட்டும். மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் மின்னோட்டம் 3.4 ஆம்பியர், திறன் 612 வாட். இருபது நிமிடத்தில் காயும் தண்ணீருக்கு அன்று முப்பத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதை எந்த மாணவனும் வீட்டிலேயே பார்க்கலாம். அதன் பிறகு பல்பைக் கையில் கொடுத்தால், ஏன் பொருந்தவில்லை என்று அவனே கேட்பான்.

கம்பியாளர்:
இருவரும் சொன்னதை நேற்றிரவு சோதித்தேன். கம்பியை வாய்போல் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைச் சரியாகக் காட்டாது என்பதால், ஒற்றைக் கம்பியை அதன் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றினேன். காட்டியது 4.25, பத்தால் வகுக்க 0.425 ஆம்பியர். அப்போது பிளக்கில் 222 வோல்ட். ஆகத் தடை 522 ஓம், திறன் 94 வாட். அணைத்துக் கழற்றிய சூட்டோடு மல்டிமீட்டரை வைத்தபோது, எண் எழுபதுக்கு மேலிருந்து மெல்ல இறங்கி, பல்பு ஆறியபின் 39இல் வந்து நின்றது. சூத்திரத்தைப் பற்றி நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு மறுப்பு பாக்கி இருக்கிறது. பழைய செம்புச் சோக் உள்ள நாற்பது வாட் டியூப் லைட் 0.43 ஆம்பியர் எடுக்கும்; 230ஆல் பெருக்கினால் 99 வருகிறது, வீட்டு மீட்டரோ ஐம்பது வாட்டை ஒட்டித்தான் கணக்கிடுகிறது. இங்கும் சூடுதான் காரணமா?

கரும்பலகை:
இல்லை ஐயா. சோக்கில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால், இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. அங்கே பெருக்குத்தொகையைத் திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். அந்த விளக்குக்கு அது ஏறத்தாழ 0.5. நிக்ரோம் அவர்கள் சொன்ன வரிசையில், ஹீட்டரையும் பல்பையும் அடுத்து இந்த டியூப் லைட்டை வைத்து வரும் வாரம் பாடம் எடுக்கப் போகிறேன்.